காக்கிச் சட்டையும் தொழிலாளி ஓட்டும்

2025 ஜூலை 9-ஆம் தேதி மத்தியத் தொழிற்சங்கங்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தம் நடத்தின. பழைய தொழிலாளர் சட்டங்கள் 29-ஐயும் சுருட்டி நான்கு தொகுப்புகளாக ஆக்கியதைக் கைவிட வேண்டும் என்பது அவற்றின் முக்கியமான கோரிக்கை. ஊர் ஊராக ஊர்வலம் நடந்தது. ஊர்வலத்துக்கு முன்னால் வழக்கம்போல் கான்ஸ்டபிள்கள் லத்தியோடு நின்றார்கள். எட்டு மணி நேர வேலை பறிபோகிறது என்று கோஷம் போடுகிறவனைத் தடுத்து நிற்கிறவனுக்கு எட்டு மணி நேர வேலை என்பதே கிடையாது. வேடிக்கைதான். ஆனால் சிரிப்பதற்கில்லை.

அந்தத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. வேலைநிறுத்தம் செய்வதற்கு 14 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும் என்பது இனி எல்லாத் தொழிலுக்கும் பொது. அதைப் பற்றிச் சங்கங்கள் நிறையப் பேசுகின்றன. யாரும் பேசாத ஒரு வரி அதே தொகுப்பில் இருக்கிறது. 'தொழிலாளி' என்றால் யார் என்று சொல்லும் இடத்தில், போலீஸ் உத்தியோகத்தில் இருப்பவர் அதில் சேர மாட்டார் என்று எழுதியிருக்கிறது. இது புதிதாக வந்ததல்ல. 1947-ஆம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டத்திலும் இப்படியேதான் இருந்தது.

சங்கம் சேரக் கூடாது என்று நேரடியாகப் பூட்டுப் போட்டது, 1966-இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய போலீஸ் படைகள் உரிமைக் கட்டுப்பாட்டுச் சட்டம். மேலிடத்து அனுமதி இல்லாமல் போலீஸ்காரர் தொழிற்சங்கத்தில் சேரக் கூடாது, அரசியல் அமைப்பில் சேரக் கூடாது, பத்திரிகைக்குப் பேசக் கூடாது. மீறினால் இரண்டு வருஷம் வரை ஜெயில், அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறு வருஷமே, 1967 ஏப்ரலில், டில்லி கான்ஸ்டபிள்கள் கிளர்ச்சி செய்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் கைதானார்கள். அவர்களுடைய சங்கம் தொடுத்த வழக்கு சுப்ரீம் கோர்ட்டில் 1986-இல்தான் முடிந்தது. கட்டுப்பாடு செல்லும் என்று தீர்ப்பாயிற்று. நடுவில் 1973-இல் உத்தரப் பிரதேசத்தில் ஆயுதப் போலீஸார் கலகம் செய்து, ராணுவம் வந்து, முதல் மந்திரி கமலாபதி திரிபாதி பதவியை விட்டார். 1979-இல் பஞ்சாபில் கிளம்பிய போலீஸ் கிளர்ச்சி மாநிலம் மாநிலமாகப் பரவியது. அந்த ஜூனில் பொகாரோவில் தொழில் பாதுகாப்புப் படையினரின் முகாமை ராணுவம் சுட்டுத்தான் பிடித்தது.

இவ்வளவு ரத்தம் சிந்தி இவர்கள் கேட்டது என்ன? தரம் வீரா தலைமையில் அமைந்த தேசியப் போலீஸ் கமிஷன் 1979-இல் தந்த முதல் அறிக்கையைப் பார்த்தால் தெரியும். கான்ஸ்டபிளுக்குத் தினம் 10 முதல் 16 மணி நேரம் வேலை. வாரத்தில் ஏழு நாளும் வேலை. அவரை எடுபிடி ஆளாகக் கருதாமல் திறமைத் தொழிலாளிக்கு உரிய சம்பளம் கொடுக்க வேண்டும் என்று கமிஷன் சிபாரிசு செய்தது. தேசத்தின் பெரிய கமிஷனே கான்ஸ்டபிளைத் தொழிலாளியோடு சேர்த்து வைத்துத்தான் சம்பளக் கணக்குப் பார்த்தது. சட்டம் மட்டும் அவர் தொழிலாளி இல்லை என்கிறது.

ஒரே சாலில் இரண்டு பேர்

இந்தக் கதை வேறெங்கேயும்விட பம்பாயில்தான் பட்டவர்த்தனமாக நடந்தது. வொர்லி, நைகாவ், லோயர் பரேல் பக்கம் வேலைக்குப் போய் வந்த தமிழர்களுக்கு பி.டி.டி. சால்களைத் தெரியும். வெள்ளைக்காரன் காலத்தில், 1920-களில் எழுந்த அந்தக் கட்டிடங்களில் வராந்தாவின் இரு புறமும் ஒற்றை அறைக் குடும்பங்கள். சில கட்டிடங்கள் போலீஸ் லைன். அதை அடுத்து மில் தொழிலாளி குடியிருப்பு. மில்லில் தறி ஓட்டியவன் ரத்னகிரிக்காரன், சத்தாராக்காரன். லத்தி பிடித்தவனும் ரத்னகிரிக்காரன், சத்தாராக்காரன். அண்ணன் மில்லில், தம்பி போலீஸில் என்று இருந்த குடும்பங்களும் உண்டு. தண்ணீர்க் குழாயடியில் இரண்டு வீட்டுப் பெண்களும் ஒரே வரிசையில் குடம் வைத்தார்கள்.

1982 ஜனவரி 18-இல் மில் வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் இரண்டரை லட்சம் பேர் வெளியே வந்தார்கள். டாக்டர் தத்தா சாமந்த் தலைவர். கூலி உயர்வு ஒரு கோரிக்கை. அதைவிடக் கடினமான கோரிக்கை இன்னொன்று: 1946-ஆம் வருஷத்து பம்பாய்த் தொழில் உறவுச் சட்டத்தின்படி, காங்கிரஸ் சார்பான ராஷ்ட்ரீய மில் மஜ்தூர் சங்கம் ஒன்றுதான் முதலாளிகளோடு பேசலாம், தொழிலாளி நம்பாத சங்கம் தொழிலாளிக்காகக் கையெழுத்துப் போடும் அந்த ஏற்பாடு போக வேண்டும் என்றார்கள். முதலாளிகளும் அசையவில்லை, சர்க்காரும் அசையவில்லை. மாதங்கள் ஓடின. வேலைக்குத் திரும்பத் துணிந்த சிலரைப் போலீஸ் காவலோடு மில்லுக்குள் கொண்டு விட்டார்கள். வாசலில் கல் விழுந்தது, லத்தி எழுந்தது. கல்லை விட்டவனும் லத்தியை ஓங்கியவனும் ராத்திரி படுக்கப் போனது பல சமயம் ஒரே வராந்தாவுக்கு.

இதே சமயத்தில் போலீஸாருக்குள்ளும் புகைந்தது. மகாராஷ்டிரத்தில் கான்ஸ்டபிள்களுக்கு அரசு அங்கீகாரம் பெற்ற சங்கம் ஒன்று அப்போது இருந்தது. 1982 ஆகஸ்ட் 15, சுதந்திர தின அணிவகுப்பு நாளில் அவர்கள் கறுப்புச் சின்னம் அணிந்தார்கள். மூன்று நாள் பொறுத்து, 18-ஆம் தேதி விடிவதற்கு முன், மத்தியப் படைகளைப் போலீஸ் லைன்களுக்குள் அனுப்பி சங்கத் தலைவர்களைப் பிடித்தது பாபாசாகேப் போஸ்லேயின் அரசு. சங்கத்தின் அங்கீகாரம் அன்றே ரத்தாயிற்று. செய்தி பரவியதும் கான்ஸ்டபிள்கள் தெருவுக்கு வந்தார்கள். ஏழு மாதமாகத் தெருவில் இருந்த மில் தொழிலாளர்களும் அவர்களோடு சேர்ந்தார்கள். பஸ்கள் எரிந்தன, கடைகள் சூறையாடப்பட்டன, உயிர்களும் போயின. நகரத்தைக் காக்க ராணுவத்தை அழைக்க வேண்டியதாயிற்று.

சூறையாடலை நியாயப்படுத்த வேண்டியதில்லை. அன்று கடையை இழந்தவர்களில் ஏழை வியாபாரிகளும் இருந்திருப்பார்கள். ஆனால் ஆட்சியாளருக்கு அன்று உண்மையில் குலை நடுங்கியது சூறையாடலைக் கண்டு மட்டும்தானா? பம்பாய் பார்க்காத கலவரமா? தடுக்க வேண்டியவன் தடுக்கப்பட வேண்டியவனோடு போய் நின்றுவிட்டான் என்பதுதான் புதிது. அதற்காகத்தான் அத்தனை அவசரம், அத்தனை படை.

அந்தச் சேர்க்கை ஒரு நாள்கூட முழுசாக நிலைக்கவில்லை. போலீஸ் சங்கம் போயிற்று. தலைவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள், பலர் வேலையை இழந்தார்கள். மிஞ்சிய கான்ஸ்டபிள்கள் பழையபடி மில் வாசலில் காவலுக்கு நின்றார்கள். மில் வேலைநிறுத்தம் முறையாக முடிந்ததாக யாரும் அறிவிக்கவே இல்லை. அது தேய்ந்து போயிற்று. லட்சம் பேருக்கு மேல் திரும்ப வேலை கிடைக்கவில்லை. லோயர் பரேலில் பீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் இப்போது குளிரூட்டிய கடைவீதி நடக்கிறது.

ஓட்டு எங்கே போயிற்று?

இத்தனை பெரிய அடி வாங்கியவர்கள் ஓட்டுப் பெட்டியில் என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

பரேல் வட்டாரத்தின் சட்டமன்ற உறுப்பினர் கிருஷ்ண தேசாய், கம்யூனிஸ்டுக் கட்சிக்காரர், 1970 ஜூனில் கொலையுண்டார். அக்டோபரில் இடைத்தேர்தல். அவருடைய மனைவி சரோஜினி தேசாய் நின்றார். எதிர்த்து நின்றவர் சிவசேனையின் வாமன்ராவ் மகாடிக். செங்கொடி பறந்த மில் பகுதியில், இரண்டாயிரத்துக்கும் குறைவான ஓட்டு வித்தியாசத்தில், மகாடிக் ஜெயித்தார். சட்டமன்றத்தில் சிவசேனை வைத்த முதல் கால் அதுதான். கூலி பேசிய கட்சியை விட்டு மொழி பேசிய கட்சிக்கு மில் தொழிலாளியின் ஓட்டில் ஒரு பெரும் பகுதி போய்விட்டது.

1982-க்குப் பிறகும் அதே ஊசலாட்டம். 1984 டிசம்பர் லோக்சபா தேர்தலில், இந்திரா காந்தி கொலையுண்ட அனுதாப அலை நாடெங்கும் அடித்தபோது, பம்பாய் தெற்கு மத்தியத் தொகுதி தத்தா சாமந்தைச் சுயேச்சையாக அனுப்பியது. தோற்ற வேலைநிறுத்தத்தின் தலைவனுக்கு அந்த அலையையும் மீறி ஓட்டு! ஆனால் சில மாதங்களில் வந்த 1985 மாநகராட்சித் தேர்தலில் பம்பாய் சிவசேனையின் கைக்குப் போயிற்று. வேலைநிறுத்தத்தில் சாமந்தின் பின்னால் நிற்காத கட்சி அது.

தொழிலாளி ஏமாளி, தன் கண்ணைத் தானே குத்திக்கொள்கிறான் என்று இங்கிலீஷ் பத்திரிகைகளில் எழுதுகிறவர்கள் உண்டு. அவர்கள் சாலில் குடியிருந்தவர்கள் இல்லை. யூனியன் மில் வாசலோடு நின்றது. சால் வாசலில் இருந்தது சேனையின் கிளை அலுவலகம். ராத்திரி பிரசவ வலி வந்தால் வண்டி பிடித்துத் தர ஆள் அங்கே இருந்தது. பையனுக்கு உத்தியோகம் என்று மனு எழுதித் தர ஆள் இருந்தது. போலீஸ் ஸ்டேஷனில் நிறுத்தி வைத்துவிட்டால் பேசி மீட்டு வரவும் ஆள் இருந்தது. போனஸ் வருஷத்துக்கு ஒரு தடவை. இந்தக் காரியங்கள் தினந்தோறும். ஓட்டுப் போட்டவனுக்குக் காரணம் இருந்தது. போட்ட பிறகு மில் போனதும் உண்மை.

கான்ஸ்டபிளின் நிலை இன்னும் மோசம். அவருக்கு ஓட்டு உண்டு. அதைச் சட்டம் பறிக்கவில்லை. ஆனால் ஓட்டுக்கு முன்னால் நடக்க வேண்டியது அத்தனையும் அவருக்கு விலக்கு. சக ஊழியரோடு கூட்டம் போட்டு, எந்தக் கட்சி எட்டு மணி நேர டூட்டிக்கு ஒப்புக்கொள்கிறது, எது ஒப்புக்கொள்ளவில்லை என்று கேட்க முடியாது. பத்திரிகைக்கு எழுத முடியாது. கூடிப் பேச வழியில்லாதவன் போடும் ஓட்டு பக்கத்து வீட்டுக்காரனையும் ஜாதியையும் மொழியையும் பார்த்துத்தான் போகும்.

சங்கம் இருந்தால் மட்டும்?

அப்படியானால் சங்கம் வந்துவிட்டால் கான்ஸ்டபிள் தொழிலாளி பக்கம் வந்து நின்றுவிடுவாரா? இந்தக் கேள்விக்கு ஆம் என்று அவசரப்பட்டுப் பதில் சொல்ல முடியாதபடி அமெரிக்கா இருக்கிறது. அங்கே போலீஸ் சங்கங்கள் சட்டப்படி உண்டு; பணபலமும் உண்டு.

விஸ்கான்சின் மாநிலத்தில் 2010-இல் கவர்னர் தேர்தலுக்கு நின்றார் ஸ்காட் வாக்கர். மில்வாக்கி நகரப் போலீஸ் சங்கமும் தீயணைப்போர் சங்கமும் அவரை ஆதரித்தன. ஜெயித்து வந்தவர் 2011 பிப்ரவரியில் ஒரு மசோதா கொண்டு வந்தார். ஆசிரியர், குமாஸ்தா, ஆஸ்பத்திரி ஊழியர் என்று அரசாங்கச் சம்பளம் வாங்குகிற எல்லோரும் இனி அடிப்படைச் சம்பளம் தவிர வேறெதைப் பற்றியும் கூட்டாகப் பேரம் பேசக் கூடாது; அந்தச் சம்பள உயர்வும் விலைவாசி உயர்வைத் தாண்டக் கூடாது; சங்கத்துக்குச் சந்தா பிடித்துத் தரமாட்டோம்; சங்கம் வேண்டுமா என்று வருஷா வருஷம் ஓட்டெடுப்பு நடக்கும். இத்தனையிலிருந்தும் விலக்குப் பெற்றவர்கள் யார்? போலீஸாரும் தீயணைப்போரும்! தலைநகர் மாடிசனில் சட்டசபை மாளிகையை ஜனங்கள் முற்றுகையிட்டபோது, விலக்குப் பெற்ற தீயணைப்போரும் போலீஸாரில் சிலரும் ஆசிரியர்களோடு வந்து நின்றது உண்டு. அது அவர்களுக்குப் பெருமை. ஆனாலும் சட்டம் நிறைவேறிற்று. வாக்கரைத் திரும்ப அழைக்க 2012 ஜூனில் நடந்த தேர்தலில் அவரே ஜெயித்தார். தொழிற்சங்கக் குடும்பங்களிலேயே நூற்றுக்கு 38 பேர் அவருக்குப் போட்டார்கள் என்று வாக்குச்சாவடி வாசலில் எடுத்த கணக்குச் சொன்னது.

அதே 2011-இல் ஓஹையோ மாநிலமும் இதே மாதிரி சட்டம் செய்தது. அங்கே கவர்னர் போலீஸாருக்கு விலக்குக் கொடுக்கவில்லை. ஆசிரியரும் போலீஸாரும் தீயணைப்போரும் ஒரே வரிசையில் நின்றார்கள். நவம்பரில் பொது வாக்கெடுப்பு. நூற்றுக்கு அறுபதுக்கு மேல் எதிர்ப்பு ஓட்டு விழுந்து சட்டம் ரத்தாயிற்று. இரண்டு மாநிலத்துக்கும் வித்தியாசம் பல சொல்லலாம். ஆனால் விலக்கு என்ற இந்த ஒரு வித்தியாசத்தை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் பார்க்க முடியாது. ஆட்சியாளர்களும் அதை நன்றாகப் படித்துக்கொண்டார்கள். 2025 மார்ச்சில் ஜனாதிபதி டிரம்ப் மத்திய அரசு இலாகாக்கள் பலவற்றின் ஊழியரிடமிருந்து கூட்டுப் பேர உரிமையைப் பறித்து உத்தரவு போட்டபோது, போலீஸாருக்கும் தீயணைப்போருக்கும் அதில் விலக்கு. நாட்டின் மிகப் பெரிய போலீஸ் அமைப்பு 2016, 2020, 2024 மூன்று தேர்தலிலும் அவரை ஆதரித்த அமைப்பு.

இங்கே சங்கத்தை மறுத்துப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அங்கே சங்கத்தைக் கொடுத்துச் சலுகையால் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

தமிழர் பங்கு

இதை மராட்டியர் சமாசாரம், அமெரிக்கர் சமாசாரம் என்று பம்பாய்த் தமிழர்கள் தள்ளிவிட முடியாது. 1966-இல் சிவசேனை பிறந்ததே ஆபீஸ் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த தென்னிந்தியக் குமாஸ்தாக்களைக் காட்டித்தான். ஆபீஸ் ஆபீஸாகப் பெயர்ப் பட்டியல் அச்சாயிற்று. உடுப்பி ஹோட்டல்கள் உடைபட்டன. அந்த அடியை வாங்கிய தமிழன், 1982-இல் மில் தொழிலாளி பட்டினி கிடந்தபோது, "அன்று இவர்கள்தானே நம்மை விரட்டினார்கள்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான் என்றால் அதில் ஆச்சரியமில்லை. மனித சுபாவம்தான். நியாயமா என்பது வேறு கேள்வி.

ஏனென்றால், 1974 மே 8-ஆம் தேதி தொடங்கிய ரயில்வே வேலைநிறுத்தத்தை இந்தியாவில் எந்த ரயில்வே காலனித் தமிழனும் மறந்திருக்க முடியாது. சுமார் 17 லட்சம் ஊழியர், இருபது நாள். குவார்ட்டர்ஸ் கதவை இடித்துக் குடும்பத்தையும் பாத்திரம் பண்டத்தையும் தெருவில் போட வந்தவர்கள் யார்? காக்கிச் சட்டைக்காரர்கள்தான். அவர்களுக்கும் அன்று லீவு இல்லை, மிகை நேரச் சம்பளம் இல்லை. வேலைநிறுத்தத் தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸை 1967-இல் எஸ்.கே. பாட்டீலைத் தோற்கடித்து லோக்சபாவுக்கு அனுப்பியதும் இதே பம்பாய்தான். ஓட்டைக் கூலியோடு சேர்த்துப் பார்க்கத் தெரியாத ஊர் இல்லை இது.

இன்று தாராவியிலும் சயானிலும் தமிழன் ஓட்டுப் போடும்போது எதைப் பார்க்கிறான்? ஊரில் எந்தக் கட்சியோ அதன் கூட்டாளி இங்கே யார் என்று பார்க்கிறான். நம் ஜாதிக்காரர் யாருக்குச் சொல்கிறார் என்று பார்க்கிறான். கலவரம் வந்தால் யார் காப்பாற்றுவார் என்று பார்க்கிறான். மூன்றாவது பயம் நியாயமானது. ஆனால் 2019-லும் 2020-லும் நிறைவேறிய அந்த நான்கு தொகுப்புகளைப் பற்றி, 2024-இல் லோக்சபாவுக்கும் சட்டமன்றத்துக்கும் என்று இரண்டு தடவை ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளர்களிடம் சந்தில் நிறுத்திக் கேட்டவர்கள் எத்தனை பேர்? கேட்டிருந்தால் கேட்டவர்களுக்கே தெரியும்.

கான்ஸ்டபிள் கதையும் அப்படியே நிற்கிறது. இந்தியப் போலீஸாரின் நிலை பற்றி 2019-இல் வந்த ஆய்வு, சராசரி நாள் வேலை 14 மணி நேரம் என்றும், பாதிப்பேருக்கு வார விடுமுறையே இல்லை என்றும் கண்டது. தரம் வீரா கமிஷன் எழுதி நாற்பது வருஷம் கழித்து! கேரளத்தில் போலீஸாருக்குச் சங்கம் இருக்கிறது. ஆகாயம் இடிந்து விழுந்துவிடவில்லை. மும்பையில் தியோனார் ஸ்டேஷனில் 2016-இல் எட்டு மணி நேர டூட்டியைப் பரீட்சை பார்த்தார்கள். அதற்கு யோசனை சொன்னவரே ஒரு கான்ஸ்டபிள்தான். கேட்டால் சொல்ல அவர்களிடம் யோசனை இருக்கிறது என்பதற்கு அது போதும்.

2024 அக்டோபரில் தெலங்கானாவில் சிறப்புப் போலீஸ் பட்டாளங்களில் விடுப்பு முறை பற்றிப் பூசல் வந்தது. கான்ஸ்டபிள்கள் வாயைத் திறக்க முடியாது. 1966 சட்டம் இருக்கிறது. ஆகவே அவர்களுடைய மனைவிமார் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டில் வந்து உட்கார்ந்தார்கள். சட்டம் புருஷனைத்தான் கட்டுகிறது, பெண்சாதியைக் கட்டவில்லை. அவர்களை எழுப்பி அப்புறப்படுத்த அனுப்பப்பட்டவர்களும் போலீஸார்தான். பிறகு கான்ஸ்டபிள்களே சிலர் துணிந்து வெளியே வந்தார்கள். 39 பேர் சஸ்பெண்ட் ஆனார்கள். பத்துப் பேருக்கு விசாரணை இல்லாமலே சீட்டுக் கிழிந்தது.